கிழட்டு மட்டக்குதிரை சரியாகத் தின்னவில்லையா? அறிகுறி பார்த்துப் பல் கோளாறைப் பிடிக்கும் வழி

எங்கள் செவலைக்கு வயது 25-ஐ ஒட்டி இருக்கும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரி போய்க்கொண்டிருந்த மட்டம். கால் தளர்ந்ததும் எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. ‘இருக்கும்’ என்று இழுக்கக் காரணம் உண்டு. பல்லைப் பார்த்து வயது சொல்வது 10 வயது வரைக்கும்தான் ஓரளவு ஒத்துவரும். அதற்கு மேல் கால்வேன் கணக்கு என்று ஒன்று சொல்வார்கள். மேல்வரிசை முன்பற்களில் ஓரத்துப் பல்லில் 10 வயதில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தோன்றும். 15-ல் பாதிவரை இறங்கும், 20-ல் நுனியைத் தொடும், பிறகு மேலிருந்து மறைந்துகொண்டே வந்து 30-ல் காணாமல் போகும். சந்தையில் இதை வைத்துச் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாறு வருஷம் முன்னே பின்னே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தானமாக வந்த கிழட்டுக் குதிரை என்றால் கட்டாயம் பார்த்தாக வேண்டும். விலை பேசுவதற்கு இல்லை, என்ன தீனி வைப்பது என்று தெரிந்துகொள்வதற்கு.

குதிரையின் கடைவாய்ப் பல் நம் பல் மாதிரி இல்லை. பெரும்பகுதி தாடைக்குள் புதைந்திருக்கும். புல்லை அரைத்து அரைத்து மேல்பகுதி தேயும், தேய்ந்த அளவுக்கு வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வீதம் உள்ளே இருப்பது வெளியே வரும். புதிதாக எதுவும் வளர்வதில்லை. 20 வயதைத் தாண்டினால் இருப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம். 30 வயதை நெருங்கும் மட்டத்துக்குச் சில பற்கள் வேர்த்துண்டாக மட்டும் நிற்கும். இளங்குதிரைக்குப் பல்லைச் சரிசெய்து தீனியை அப்படியே வைக்கலாம். கிழட்டுக் குதிரைக்கு வலியை மட்டும்தான் போக்க முடியும், மற்றபடி தீனிதான் பல்லுக்கு ஏற்ப மாற வேண்டும். இது புரியாமல் நான் முதல் வருஷம் நிறையச் சிரமப்பட்டேன்.

வாயைத் திறப்பதற்கு முன்னால்

கையை வாய்க்குள் விடாதீர்கள். கடைவாய்ப் பல் விரலையும் புல் மாதிரிதான் அரைக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எச்சில் ஒழுக்கிக்கொண்டு, விழுங்க முடியாமல் நிற்கும் குதிரைக்கு வெறிநோய் இருக்கலாம். தெருநாய் நடமாட்டம் உள்ள ஊரில், தடுப்பூசி போடாத குதிரை திடீரென இப்படி ஆனால் ‘பல்வலி’ என்று முடிவு கட்டாதீர்கள். எச்சில் கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உங்கள் ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள்.

கையை விடாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். தீனி வைத்துவிட்டு அரைமணி நேரம் பக்கத்தில் சும்மா உட்காருங்கள், செல்போன் இல்லாமல். ஒரே பக்கமாக மெல்கிறதா? தலையைச் சாய்க்கிறதா? நடுவில் நிறுத்தி நாக்கை உருட்டுகிறதா? தின்று முடித்ததும் கீழே என்ன கிடக்கிறது? கிழட்டுக் குதிரையின் வாய்க்குள் இருப்பதைவிட அதன் காலடியில் கிடப்பது அதிகம் சொல்லும்.

அப்புறம் எடை. தையல்காரர் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளவெடுங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 135, நீளம் 130 என்றால் கிட்டத்தட்ட 199 கிலோ. துல்லியமாக இருக்காது, ஆனால் மாதாமாதம் அதே டேப்பால் அதே ஆள் எடுத்தால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். மலைக்குளிரில் ரோமம் அடர்ந்து நிற்கும் மட்டத்தைக் கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது. விலா எலும்பு வெளியே தெரியும் நேரத்தில் பாதி உடம்பு போயிருக்கும்.

மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுகிறது

இதுதான் அதிகம் பார்ப்பது. புல்லை ஆசையாக எடுக்கும், மெல்லும், பிறகு சுருட்டு மாதிரி ஈர உருண்டையாக வாயோரம் தள்ளிவிடும். ‘கொழுப்பு, தின்ன மாட்டேங்குது’ என்று பக்கத்துக் கொட்டகை அண்ணன் சொன்னார். கொழுப்பெல்லாம் இல்லை. பசி இருக்கிறது, அரைக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

உருண்டையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். புல் நீளம் குறையாமல், நசுங்கி மட்டும் இருந்தால் பல்லில் அரைக்கும் பரப்பே போய்விட்டது. பல்லின் மேலிருக்கும் எனாமல் முகடுகள்தான் அம்மிக்குக் கொத்திய கொத்து மாதிரி. அவை தேய்ந்துவிட்டால் பல் இருந்தும் வழவழவென்று வழுக்கும். இதற்கு வைத்தியம் கிடையாது, நேராகக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் தீனிக்குப் போங்கள்.

உருண்டையில் ரத்தச் சாயம் இருந்தாலோ, ஒரு பக்கமாகவே விழுந்தாலோ வேறு கதை. மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல்வரிசையில் கன்னத்துப் பக்கமும் கீழ்வரிசையில் நாக்குப் பக்கமும் பல் விளிம்பு தேயாமல் கத்தி மாதிரி நீளும். வெளியிலிருந்தே சோதிக்கலாம். கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் கன்னத்தின் மேலாகவே மேல்வரிசைப் பற்களை அழுத்திக்கொண்டு பின்னால் போங்கள். ஓரிடத்தில் தலையைச் சட்டென இழுத்துக்கொண்டால் அங்கே புண் இருக்கிறது. இதை டாக்டர் அரத்தால் அராவி எடுத்துவிடுவார். இரண்டு மூன்று நாளில் மட்டம் பழையபடி தின்னும். கிழட்டு வாயில் சுலபமாகத் தீரும் ஒரே கோளாறு இதுதான்.

மூன்றாவது சாத்தியம், பல் இடுக்கு. வயதாக ஆகப் பல்லின் அடிப்பகுதி குறுகும், பக்கத்துப் பல்லோடு இருந்த நெருக்கம் விட்டுப்போகும். அந்தச் சந்தில் புல் நுழைந்து, அழுகி, ஈறு புண்ணாகி, எலும்பு வரை போகும். பெரிய இடைவெளி அவ்வளவு மோசமில்லை, போனது வெளியே வந்துவிடும். மேலே குறுகி அடியில் அகன்ற சின்னச் சந்துதான் ஆபத்து. உள்ளே போகும், வராது. வாய் நாற்றத்தோடு துப்புகிற குதிரைக்கு முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். டாக்டர் மயக்க ஊசி போட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்து, அடைந்ததைத் தோண்டியெடுத்துக் கழுவ வேண்டும். உங்கள் பங்கு, நீளமான காய்ந்த புல்லையும் வைக்கோலையும் நிறுத்துவது. இளம் பச்சைப்புல் மேய்ந்தால் இவ்வளவு அடையாது.

கேரட்டைக் கடிக்க மறுக்கிறது

கொடைக்கானலில் கேரட்டுக்குப் பஞ்சமில்லை. அதனால் இந்த அறிகுறி எங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. நறுக்கிக் கொடுத்தால் தின்னும், முழுதாக நீட்டினால் உதட்டால் உருட்டிவிட்டு விட்டுவிடும். தரையில் மேயாமல், அறுத்துப் போட்ட புல்லை மட்டும் எடுக்கும். இதில் கோளாறு கடைவாயில் இல்லை, முன்பல்லில்.

மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள், இதற்குக் கையை உள்ளே விட வேண்டியதில்லை. ஈறு சிவந்து, பல்லைச் சுற்றிச் சிறு சீழ்ப்புள்ளிகள், பல்லின் அடியில் குமிழ் மாதிரி வீக்கம், பற்கள் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது, இவையெல்லாம் இருந்தால் பல்லின் வேர் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டிருக்கலாம். 15 வயதுக்கு மேற்பட்ட குதிரைகளுக்கு வரும் நோய் இது. 2008-ல்தான் மருத்துவ உலகம் இதற்கு ஒரு பெயர் வைத்தது. பெயர் நீளம், சுருக்கமாக ஈஓடிஆர்எச் என்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகும். தீர்வு, பாதித்த பல்லைப் பிடுங்குவது. சில குதிரைகளுக்கு முன்பற்கள் அத்தனையும் போகும். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் முன்பல் இல்லாத குதிரை உதட்டாலும் நாக்காலும் புல்லை எடுக்கப் பழகிவிடும். நாள்பட்ட வலியோடு நிற்பதுதான் கொடுமை.

ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி

சளி இரண்டு மூக்கிலும் வந்தால் பெரும்பாலும் நுரையீரல், தொண்டை சம்பந்தப்பட்டது. ஒரே மூக்கில், அதுவும் அழுகல் நாற்றத்தோடு வந்தால் பல்லை நினையுங்கள். மேல்வரிசையின் பின்பக்கத்து மூன்று நான்கு பற்களின் வேர்கள் முக எலும்புக்குள் இருக்கும் காற்றறையை ஒட்டியே இருக்கின்றன. வேரில் சீழ் பிடித்தால் அது காற்றறைக்குள் இறங்கி மூக்கு வழியாக வரும். ஆன்டிபயாட்டிக் போட்டால் நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறையும் மருந்து கேட்காதீர்கள், எக்ஸ்ரே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சளியோடு மூக்குக்குள் புண், தோலில் கட்டி, காய்ச்சல் இருந்தால் கிளாண்டர்ஸாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். மற்ற குதிரைகளை உடனே விலக்கிக் கட்டுங்கள்.

முகம் இரண்டு பக்கமும் உப்புகிறது, பல் ஆடுகிறது

ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் பல்வேர். இரண்டு பக்கமும் மூக்கெலும்பு தடித்து முகமே அகலமானால் தவிடு. ஆமாம், தவிடுதான். நம் பக்கம் கிழட்டுக் குதிரை என்றாலே ‘பல்லில்லை பாவம், தவிட்டைக் கரைத்து ஊற்று’ என்பார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். மாதக்கணக்கில் அதையே வைத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். தாடையெலும்பு மெத்தென்று ஆகும், பல் ஆடும், மென்றால் வலிக்கும், நொண்டும். மெல்ல முடியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தவிடு கூட்டுவோம். நான் செய்ததும் இதுதான்.

கோ-4 மாதிரி நேப்பியர் புல்லிலும், மலையில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல்லிலும் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். இந்தப் புல்லும் தவிடும் சேர்ந்தால் இரட்டை அடி. தவிட்டைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்துவிட்டு, குதிரைமசால் என்ற தீவனப் பயிரைச் சேருங்கள். பேரிலேயே குதிரை இருக்கிறது, கால்சியமும் இருக்கிறது. சுண்ணாம்புச்சத்துத் தூள் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

லத்தியில் முழுக் கொள்ளு, உடம்பு இளைக்கிறது

லத்தி உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். நார் பொடிப்பொடியாக மிதந்தால் நன்றாக அரைத்திருக்கிறது. விரல்நுனி நீளத்துக்கு நாரும், தோல்கூட உடையாத கொள்ளும் வந்தால் அரைபடாமல் இறங்கியிருக்கிறது. இப்படி இறங்கும் நார் குடலில் அடைத்து வயிற்றுவலியையும் கொண்டுவரும், குறிப்பாகத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குளிர்காலத்தில். பல் கூசும் குதிரை சில்லென்ற தண்ணீரைத் தொடாது. மார்கழி, தையில் செவலைக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் வைக்கிறேன்.

லத்தி நன்றாக இருந்தும் இளைக்கிறது என்றால் பல்லை விடுங்கள். குடற்புழு, ஈரல், சிறுநீரகம் என்று பார்க்க வேண்டும். கோடையிலும் உதிராத நீண்ட சுருட்டை ரோமம், தொங்கும் வயிறு, அடிக்கடி தண்ணீர், குளம்பு வலி என்று இருந்தால் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு. குஷிங் நோய் என்பார்கள். 15 வயதுக்கு மேல் மட்டங்களுக்குச் சகஜம். ரத்தப் பரிசோதனையில் தெரியும். இது இருந்தால் வாய்ப்புண்ணும் சீக்கிரம் ஆறாது, அதனால் பல் வைத்தியம் எடுபடவில்லை என்று டாக்டரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வருகிறது

மற்ற பல் கோளாறுகளுக்கு நாளை டாக்டரைக் கூப்பிடலாம், இதற்கு இப்போதே. அரைபடாத தீனி உணவுக்குழாயில் அடைத்துக்கொண்டது. கழுத்தை நீட்டும், இருமும், பச்சை நுரை வரும். தீனி, தண்ணீர் இரண்டையும் அகற்றுங்கள். தலையைத் தாழ வைத்து அமைதியாக நிறுத்துங்கள். மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுவது, வாயில் ஓஸ் பைப்பைச் சொருகுவது இரண்டும் வேண்டாம். போவது வயிற்றுக்கு இல்லை, நுரையீரலுக்கு. 1962-ஐ அழைத்தால் தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வழியில் இருக்கும்போதே அடைப்பு தானாக இறங்கினாலும் டாக்டர் பார்த்துவிட்டுப் போகட்டும். நுரையீரலில் இறங்கிய துளி ஓரிரு நாள் கழித்துக்கூடக் காய்ச்சலாக வரும்.

வாயே திறக்க வரவில்லை, உடம்பு விறைத்து, கண்ணோரத்துச் சவ்வு மேலேறி மூடுகிறது என்றால் அது பல் இல்லை, டெட்டனஸ். இதற்கும் உடனே டாக்டர். பல் பிடுங்குவதற்கு முன் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்கச் சொல்வதும் இதனால்தான்.

டாக்டர் வரும்போது

அரசு மருத்துவமனை டாக்டர்களில் பலர் நாள் முழுக்க மாடும் ஆடும் பார்ப்பவர்கள். கூப்பிடும்போதே ‘குதிரை வாயைத் திறந்து நிறுத்தும் ஸ்பெகுலம் இருக்கிறதா சார்?’ என்று கேட்டுவிடுங்கள். அதில் தப்பில்லை. இல்லையென்றால் சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்பெகுலம், நெற்றி விளக்கு, மயக்க ஊசி இல்லாமல் செய்யும் சோதனை முன்பல்லோடு நின்றுவிடும். தகராறு எப்போதும் கடைசி மூன்று பல்லில்தான்.

குதிரைப் பல் அராவுவதாகச் சொல்லிக்கொண்டு வரும் ஆட்களிடம் கிழட்டு மட்டத்தை விடாதீர்கள். முதல் வருஷம் ஒருவர் வந்து அரைமணியில் எல்லாப் பல்லையும் சமமாக அராவிக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. மூன்று வாரம் செவலையால் எதையும் மெல்ல முடியவில்லை. மிச்சமிருந்த கொஞ்சம் முகட்டையும் அவர் அரத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூரான விளிம்பு, கன்னத்தைக் குத்தும் கொக்கி, ஆடும் பல், இவற்றோடு நிறுத்த வேண்டும். எதிர்ப்பல் விழுந்ததால் நீண்டு வளர்ந்த பல்லைக்கூட ஒரே நாளில் வெட்டாமல், சில மாத இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். 20 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைப் பார்ப்பது போதும். பார்க்கிறபோதெல்லாம் அராவ வேண்டும் என்றில்லை.

மயக்கம் முழுதாகத் தெளியும் வரை தீனி வைக்காதீர்கள். அரைத்தூக்கத்தில் தின்றால் தொண்டையில் அடைக்கும்.

பல் போன பிறகு தீனி

உலர்ந்த எடையாகக் கணக்கிட்டால் நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வேண்டும். 200 கிலோ மட்டத்துக்கு 3 முதல் 4 கிலோ. இதில் பெரும்பகுதி நாராக இருக்க வேண்டும். பல் இல்லை என்பதால் நார் வேண்டாம் என்று ஆகாது, குடல் அதேதான்.

நான் செய்வது இது. காய்ந்த குதிரைமசாலையும் உலர்புல்லையும் பொடியாக அரைத்துச் செய்த பெல்லட் வாங்கி, வெந்நீர் ஊற்றி ஊறவைக்கிறேன். கையால் நசுக்கினால் களியாக வர வேண்டும். நடுவில் ஒரு கட்டிகூட இருக்கக் கூடாது, அந்தக் கட்டிதான் தொண்டையில் நிற்கும். கொள்ளை இரவு ஊறவைத்து, குழைய வேகவைத்து, மசித்துக் கொஞ்சம் சேர்க்கிறேன். பிடிக்கும் என்பதற்காக வெல்லம் கலக்கிறவர்கள் உண்டு. குளம்பு வலி வரக்கூடிய மட்டத்துக்கு அது வேண்டாம். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல், ஒரு கரண்டிக்குக் கீழ்.

மாட்டுத் தீவனம் வேண்டவே வேண்டாம். மாட்டுக்கும் கோழிக்கும் போடும் சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். மெஷினில் புல்வெளி வெட்டும்போது வரும் புல்தூளும் ஆகாது. மெல்லாமல் அள்ளி விழுங்கிவிடும், சூடேறிப் புளித்தும் போகும்.

மொத்தத்தையும் இரண்டு வேளையில் கொட்டினால் கிழட்டு வயிறு தாங்காது. நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள், ஐந்து முடிந்தால் இன்னும் நல்லது. களியோடு ஒரு ஓரமாகக் கொஞ்சம் பச்சைப்புல்லும் போட்டு வைக்கிறேன். பாதியைத் துப்பிவிடும், பரவாயில்லை. நாள் முழுக்க வாய் அசைய ஏதாவது இருந்தால் மரச்சட்டத்தைக் கடிக்காது.

ஒரு வேளைத் தீனிக்குச் செவலை முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இளங்குதிரை கட்டியிருந்தால் அது ஐந்து நிமிடத்தில் தன் பங்கை முடித்துவிட்டு இதன் தொட்டிக்குள் தலையை விடும். கிழடு எதிர்க்காமல் நகர்ந்துகொள்ளும். மூன்று மாதம் எடை ஏறவில்லையே என்று பல்லையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மூங்கில் தட்டி கட்டினேன், அடுத்த மாதமே மார்புச் சுற்றளவு 2 சென்டிமீட்டர் கூடியது.